48 மணி நேரப் போட்டி, தனி ஆள், 100 வாட்: ரன், மல்ட், தூக்கம் எப்படிப் பிரிப்பது?

கம்பிவலை:

அக்டோபர் கடைசி வார இறுதியில் வரும் சிக்யூ வேர்ல்ட் வைட் எஸ்எஸ்பி என்ற அமெச்சூர் ரேடியோ குரல் போட்டியில் (உலக நிலையங்களை முடிந்த அளவு தொடர்புகொள்ள வேண்டும்) தனி ஆபரேட்டர், ஆல் பேண்ட் (எல்லா அலைவரிசைப் பட்டைகளும்), லோ பவர் பிரிவில் கலந்துகொள்ளப் போகிறேன். க்ளஸ்டர் (யார் எங்கே கேட்கிறார்கள் என்று நெட்டில் வரும் பட்டியல்) உதவி கிடையாது. ரிக் (ரேடியோ) 100 வாட். 40 மீட்டர் பேண்டுக்கு 10 மீட்டர் உயரத்தில் இன்வர்ட்டட் வீ (தலைகீழ் V வடிவக் கம்பி டைபோல் ஆண்டெனா). 15 மீட்டருக்கும் அதையே ட்யூனர் போட்டு ஓட்டுகிறேன். 20-க்கும் 10-க்கும் ஒரே ஃபீட்லைனில் (ரிக்கிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) ஃபேன் டைபோல். 80, 160-க்கு ஆண்டெனா போட இடமில்லை. லாக் லேப்டாப்பில் என்1எம்எம் (தொடர்புகளைப் பதியும் மென்பொருள்), ரிக்கோடு யுஎஸ்பி கேபிள்.

கேட்க வேண்டியவை மூன்று. இந்த பவருக்கு ஒரே இடத்தில் நின்று சிக்யூ ('யாராவது பதில் சொல்லுங்கள்' என்ற அழைப்பு) கூப்பிடுவது, அதாவது ரன், பலன் தருமா, அல்லது முழுக்கத் தேடிப் பிடிப்பதே மேலா? புது நாடு ஒன்று பெரிய பைல்-அப்பில் (பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் நெரிசலில்) இருந்தால் எவ்வளவு நேரம் நிற்கலாம்? எப்போது தூங்குவது?

கூடவே ஒரு தொல்லை: 15 மீட்டரில் 100 வாட் போட்டதும் சில சமயம் மவுஸ் உறைந்துவிடுகிறது, ரிக்கோடு இருக்கும் இணைப்பும் அறுந்துவிடுகிறது. 40-இல் இது இல்லை.


உச்சிவெயில்:

ஓஎம் (நண்பரே), முதலில் இரண்டாவது கேள்வி. மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வரும்.

ஸ்கோர் என்பது மொத்தப் புள்ளி பெருக்கல் மொத்த மல்ட் (மல்ட்டிப்ளையர், பெருக்கும் எண்). வேறு கண்டம் என்றால் 3 புள்ளி. அதே கண்டத்தில் வேறு நாடு 1 (வட அமெரிக்காவுக்குள் மட்டும் 2). சொந்த நாடு 0, ஆனால் மல்ட்டுக்குச் செல்லும். ஒவ்வொரு பேண்டிலும் ஒவ்வொரு நாடும் ஒரு மல்ட், ஒவ்வொரு ஜோனும் (உலகைப் பிரித்த மண்டலம்) ஒரு மல்ட்.

ஞாயிறு காலையில் உங்களிடம் 600 தொடர்பு, 1500 புள்ளி, 200 மல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோர் 3,00,000. இப்போது சாதாரண 3 புள்ளித் தொடர்பு ஒன்று 600 சேர்க்கும். வேறு கண்டத்துப் புது மல்ட் என்றால் அந்த 600-உடன் இன்னொரு 1500, ஆக 2100. அதாவது ஒரு மல்ட் மூன்றரைத் தொடர்புக்குச் சமம். மணிக்கு 40 தொடர்பு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு தொடர்புக்கு ஒன்றரை நிமிடம். அப்படியானால் பைல்-அப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பது நஷ்டம். நாடும் ஜோனும் சேர்ந்தே புதிது என்றால் 3600, ஒன்பது நிமிடம் வரை நிற்கலாம். மணிக்கு 12-தான் ஓடுகிறது என்றால் ஒற்றை மல்ட்டுக்கே கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். களைத்த மூளை அதைப் போடாது, பிடிவாதமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

நிற்பதற்கு முன் இன்னொரு யோசனை. அந்த நிலையம் 36 மணி நேரம் கழித்தும் பெரும்பாலும் பேண்டில்தான் இருக்கும். சனிக்கிழமை முதல் மணியில் கிலோவாட் நிலையங்களோடு முட்டுவது வீண். கால்சைனை (நிலையத்தின் அழைப்புக் குறி) மென்பொருளின் பேண்ட்மேப்பில் (எந்த அலைவரிசையில் யார் என்ற பட்டியல்) சேமித்துவிட்டு நகருங்கள், கண்ட்ரோலும் மேல் கீழ் அம்புக்குறியும் அழுத்தினால் திரும்ப அங்கேயே போய் நிற்கும். ஞாயிறு மதியம் அதே நிலையம் யாரும் பதில் சொல்லாமல் சிக்யூ கூப்பிட்டுக்கொண்டிருக்கும், ஒரே அழைப்பில் கிடைக்கும்.

இனி முதல் கேள்வி. சனிக்கிழமை தேடிப் பிடிப்பது, ஞாயிறு ரன். இதுவே 100 வாட்டுக்குப் பொதுவான வடிவம். ஞாயிறுக்குள் பெரிய நிலையங்கள் எல்லாரையும் பிடித்து முடித்திருப்பார்கள், புதுக் குரலைத் தேடி அவர்களே டயலைச் சுற்றுவார்கள். 20-இல் ரன் செய்ய முயல வேண்டாம், அங்கே இடுக்கில் நசுக்கிவிடுவார்கள். 10 மீட்டர் திறந்திருந்தால் 28.500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுங்கள், இடம் தாராளமாக இருக்கும். 15-இல் 21.380-க்கு மேலே பாருங்கள். காலியாகத் தெரிந்தாலும் இரண்டு முறை கேட்டுவிட்டே தொடங்குங்கள், அங்கே பேசுபவர் ஸ்கிப்பில் (உங்களுக்குக் கேட்காத தூரத்தில்) இருக்கலாம்.

சிக்யூ மூன்று நான்கு நொடி, இடைவெளி இரண்டு முதல் இரண்டரை நொடி. இடைவெளி நீண்டால் டயல் சுற்றுபவர் காலி என்று நினைத்துக் கடந்துவிடுவார், அல்லது அங்கேயே உட்கார்ந்துவிடுவார். 10 நிமிடம் கூப்பிட்டு மூன்று பேர்கூட வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

தேடும்போது பேண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாகப் போங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் தாவினால் கேட்ட நிலையத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு நேரம் போகும்.


ஃபெரைட் வளையம்:

மவுஸ் உறைவதற்கு மட்டும் பதில். 40 மீட்டர் டைபோலை 15-இல் மூன்றாம் ஹார்மோனிக்கில் (மூன்று மடங்கு அலைவரிசையில்) ஓட்டும்போது ரெசனன்ஸ் (ஆண்டெனா இசையும் அலைவரிசை) சரியாக மூன்று மடங்கில் விழாது, சற்று மேலே போய் நிற்கும். ட்யூனர் ரிக்குக்கு நல்ல எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாப் பொருத்தத்தின் அளவு) காட்டும், ஆனால் ஃபீட்லைனில் பொருத்தமின்மை அப்படியே இருக்கும். சோக் (வெளி உறை மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) இல்லாவிட்டால் கேபிளின் வெளி உறையில் காமன் மோட் மின்னோட்டம் ஓடி அறைக்குள் வரும். 40-இல் வராததற்குக் காரணம், அந்தக் கேபிள் நீளமும் யுஎஸ்பி வயர் நீளமும் 21 மெகாஹெர்ட்ஸுக்கு நல்ல ஆண்டெனாவாக அமைந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இரண்டு இடத்தில். ஃபீட்பாயிண்டில் (ஆண்டெனாவில் கேபிள் சேரும் இடம்) 2.4 அங்குல, 31-ஆம் மிக்ஸ் ஃபெரைட் டொராய்டு (வளையம்) ஒன்றில் ஆர்ஜி-58 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றிப் போடுங்கள். யுஎஸ்பி கேபிளுக்கு லேப்டாப் முனையில் இன்னொரு 31 வளையம், ஐந்தாறு சுற்று. வயர் ஒரே தடவை நுழைந்து போகும் க்ளிப்-ஆன் ஒன்றை மாட்டிவிட்டு 'ஃபெரைட் போட்டும் சரியாகவில்லை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இம்பிடன்ஸ் சுற்றுகளின் வர்க்கத்தோடு ஏறுகிறது, ஒரு சுற்றுக்கும் ஐந்து சுற்றுக்கும் சுமார் 25 மடங்கு வித்தியாசம். மவுஸ் வயரையும், லேப்டாப் சார்ஜர் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

சோதிக்க: டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) 100 வாட் போட்டுப் பாருங்கள். அதிலும் உறைந்தால் சிக்கல் ரிக்கின் உள்ளே அல்லது தரையிணைப்பில். டம்மி லோடில் சரியாக இருந்தால் ஆண்டெனா பக்கம்தான்.

இது வெறும் எரிச்சல் என்று விடாதீர்கள். ரிக்கோடு இணைப்பு அறுந்தபின் லாக் மென்பொருள் பழைய பேண்டையே காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் 15-இல் பேசுவதெல்லாம் 20 என்று பதியும். மறுமுனை லாக்கில் 15 என்று இருக்கும், உங்களுடையது ஒத்துப்போகாது. தொடர்பும் போகும், அபராதப் புள்ளியும் விழும். விண்டோஸில் யுஎஸ்பி ஹப்பின் 'மின்சாரம் சேமிக்க அணை' தெரிவையும், ஸ்லீப்பையும், தானியங்கி அப்டேட்டையும் வெள்ளிக்கிழமையே நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தை நெட் நேரத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.


கம்பிவலை:

மிக்க நன்றி ஓஎம்கள். டம்மி லோடில் சரியாகவே ஓடுகிறது, சோக் சுற்றப் போகிறேன். தூக்கம் பற்றி யாராவது சொல்லுங்கள். 80 இல்லாததால் இரவில் 40 மட்டும்தான். ரிசீவர் பக்கமும் கேட்கலாம் என்று நினைக்கிறேன், இரவில் 40-இல் எஸ்9 அளவு (பலத்த) இரைச்சலில் ஒன்றும் பிரித்துக் கேட்க முடியவில்லை.


கருக்கல்:

40-இல் இரவு தெரிவது பெரும்பாலும் இரைச்சல் அல்ல, ஓவர்லோட் (பலமான சிக்னல்களால் ரிசீவர் திணறுவது). ப்ரீஆம்ப்பை அணையுங்கள், 10 அல்லது 20 டிபி அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) போடுங்கள், ஆர்எஃப் கெயினை எஸ்-மீட்டர் நிலைத்து நிற்கும் வரை குறையுங்கள். ஃபில்டர் 1.8 கிலோஹெர்ட்ஸ். ஏஜிசி (ரிசீவரின் கெயினைத் தானே ஏற்றி இறக்குவது) வேகத்தில். பக்கத்துக் கிலோவாட்டுக்காரர் பேசும்போது உங்கள் ஏஜிசி மெதுவாக இருந்தால் அவர் நிறுத்தி ஒரு நொடி வரை ரிசீவர் செவிடாக இருக்கும், அந்த நொடியில்தான் பலவீனமான கால்சைன் வரும்.

தூக்கம்: 10-ம் 15-ம் சூரியன் இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும். ஆகவே பகலில் தூங்கவே கூடாது. உங்களுக்கு 80 இல்லை என்பது இந்த விஷயத்தில் வசதி, முடிவு எளிதாகிறது. சூரியன் மறையும் நேரத்திலிருந்து 40-இல் இருங்கள். மாலையில் உங்களுக்குக் கிழக்கே இருட்டிய நாடுகள் முதலில் வரும், விடியலுக்கு முன் மேற்கே இன்னும் இருட்டில் இருப்பவை. நடுவில் உள்ளூர் நள்ளிரவைத் தாண்டிச் சில மணி நேரம் தொய்வு இருக்கும். மணிக்கு 15 தொடர்புக்குக் கீழே இறங்கியதும் எழுந்து தூங்கப் போய்விடுங்கள். முதல் இரவு மூன்று மணி நேரம், இரண்டாம் இரவு நான்கரை. இரண்டையும் ஒன்றரை மணி நேரத்தின் மடங்காக வைத்தால் எழும்போது தலை கனப்பது குறையும். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன் கண்டிப்பாக நாற்காலியில் இருங்கள். 40-இல் தொலைதூரம் உச்சத்துக்கு வரும் வேளை அது, உதயம் கழிந்து கொஞ்ச நேரத்தில் சட்டென்று மூடிவிடும். அங்கிருந்து நேரே 20, பிறகு 15, 10.

இரண்டு அலாரம், ஒன்று எட்டாத தூரத்தில். காபியைத் தூங்கப் போவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே நிறுத்தவும். இல்லையென்றால் படுத்தும் தூக்கம் வராமல், எழுந்தும் தெளிவில்லாமல் இரண்டு பக்கமும் நஷ்டம்.

கே இன்டெக்ஸ் (பூமியின் காந்தப்புலக் கலக்கத்தின் அளவு) 5-ஐத் தொட்டால் துருவம் வழியாகப் போகும் பாதைகள் செத்துவிடும், வடக்கு-தெற்குப் பாதைகள் தாங்கும். அப்போது திட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காமல் தூக்கத்தை அந்த நேரத்துக்கு மாற்றுவதே சரி.

48 மணி நேரம் உடம்புக்கு ஒத்துவராது என்று தோன்றினால் க்ளாசிக் ஓவர்லே (கூடுதல் பிரிவு) இருக்கிறது: ஒரே ரிக், உதவி இல்லை, 48-இல் 24 மணி நேரம். ஓய்வு என்று கணக்காக 60 நிமிடமாவது லாக்கில் ஒன்றும் பதிவாகாமல் இருக்க வேண்டும். 50 நிமிடம் எழுந்து போனால் அது ஆபரேட்டிங் நேரமாகவே எண்ணப்படும். 24-ஐத் தாண்டினால் முதல் 24 மட்டும் ஓவர்லேக்குக் கணக்கு.


உச்சிவெயில்:

கருக்கல் சொன்னதோடு குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்யூவை வாய்ஸ் கீயரில் (பதிந்த குரலைத் திரும்ப அனுப்புவது) பதிவு செய்துவிடுங்கள், எஃப்1-இல். பதில்களை மட்டும் வாயால் சொல்லுங்கள். அப்படியும் ஞாயிறு மாலை குரல் கட்டும், ஆகவே கத்தாதீர்கள், ஹெட்செட் மைக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து சாதாரணமாகப் பேசுங்கள். கம்ப்ரஷனை ஏற்றிக்கொண்டே போனால் ஏஎல்சி (அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்துவது) அளவைத் தாண்டி சிக்னல் அகலமாகும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு, உங்கள் குரலும் புரியாமல் போகும், அகலமான சிக்னலுக்கு நடவடிக்கையும் உண்டு.

அழைக்கும்போது முழுக் கால்சைன், ஃபோனடிக்ஸில் ('ஆல்ஃபா, பிராவோ' என்று), ஒரே தடவை. பிறகு கேளுங்கள். 'லாஸ்ட் டூ' (கால்சைனின் கடைசி இரண்டு எழுத்து மட்டும்) கொடுப்பது இரண்டு சுற்றைத் தின்னும். ரன் செய்யும்போது பாதி கால்சைன் கேட்டால் கேட்ட பாதியைத் திருப்பிச் சொல்லுங்கள். வெறுமனே 'அகெய்ன்' என்றால் ஐந்து பேர் மீண்டும் கூப்பிடுவார்கள்.

மறுமுனை சொல்லும் ஜோன் எண்ணை மென்பொருள் கால்சைனைப் பார்த்துத் தானே நிரப்பும். அமெரிக்க நிலையங்களில் இது அடிக்கடி தவறும். கால்சைனில் உள்ள எண் ஒரு பகுதியைக் காட்டும், ஆள் இருப்பது வேறு பகுதியில். ஜோன் 3, 4, 5 மூன்றில் காதில் கேட்டதையே அடியுங்கள்.

போட்டி முடிந்ததும் லாக்கைத் திருத்தத் தொடங்காதீர்கள். பதிவைப் போட்டுக் கேட்டோ, டேட்டாபேஸ் பார்த்தோ கால்சைனை மாற்றுவது விதிக்கு எதிரானது. டூப்களை (அதே பேண்டில் மறுபடி பதிந்த தொடர்புகளை) அழிக்கவும் வேண்டாம், அதற்கு அபராதம் இல்லை, அழித்தால் மறுமுனைக்குத்தான் பாதிப்பு. கேப்ரில்லோ (போட்டிக்கு அனுப்பும் லாக் வடிவம்) கோப்பில் பிரிவு, பவர், 'நான்-அசிஸ்டட்' ஆகிய மூன்று வரிகளையும் ஒருமுறை படித்துப் பார்த்து, முடிந்த ஐந்து நாளுக்குள் ஏற்றிவிடுங்கள். திங்கள் காலை தூங்கி எழுந்ததும் ஏற்றுவது நல்லது, தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.

73 (வாழ்த்துகள்)