காட்ஸில்லா உறுமல், ஒரு தோல் கிளவுஸ், ஒரு ஃபாரஸ்ட் ஆபீசர்: இஃபுகுபே இசையோட உங்க அனுபவம்?

காட்ஸில்லா படத்துக்கு மியூசிக் போட்ட ஜப்பான்காரர் இஃபுகுபே பத்திதான் பேச்சு, நானே ஆரம்பிக்கிறேன். டோக்கியோ வந்து மூணு வருஷம் ஆச்சு, ஆபீஸ்ல ஒருத்தர் கச்சேரி டிக்கெட் ஒண்ணு மிச்சம் இருக்கு வர்றியான்னு கேட்டார், யார் மியூசிக்னு கூட கேக்காம கிளம்பிட்டேன். பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு வயசு இருக்கும், டை எல்லாம் கட்டி கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருந்தார். இடைவேளைக்கு அப்புறம் ஆர்கெஸ்ட்ரா அடிவயித்துல இருந்து உறும ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல வயலின் எல்லாம் சேந்து ச நி த, ச நி த, ச நி த ப த நி ச நி த... அட இது காட்ஸில்லாய்யா! பெரியவர் முட்டி மேல விரலால தட்டிக்கிட்டே வாய்க்குள்ள "டோ ஷி ரா, டோ ஷி ரா"ன்னு முணுமுணுக்கறார். காட்ஸில்லாவுக்கு ஜப்பான்ல கோஜிரான்னு பேரு, ஸ்வரம் பேரே அந்த மாதிரி கேக்குது பாருங்க. நான் தாளம் போட்டுப் பாத்தேன், கை மாட்டிக்கிச்சு, ஏன்னா அது நாலும் அஞ்சுமா போகுது, சேத்தா ஒம்பது, நம்ம சங்கீர்ணக் கணக்கு. அகிரா இஃபுகுபே தன்னோட சினிமா இசையை எடுத்து 1983ல கச்சேரி மேடைக்காகவே கோத்து வச்சதாம் அது.

முடிஞ்சதும் பெரியவர்தான் சொன்னார், இவர் மியூசிக் காலேஜ் பக்கமே போனதில்ல, சப்போரோல வனவியல் படிச்சவர்னு. 1914ல ஹொக்கைடோவில குஷிரோங்கற ஊர்ல பொறந்தவர், சின்ன வயசுல அப்பா வேலை பாத்த ஊர்ல அய்னு பழங்குடி மக்களோட பாட்டும் ஆட்டமும் கேட்டு வளந்திருக்கார். படிப்பு முடிச்சு அக்கேஷின்னு ஒரு கடலோர ஊர்ல ஃபாரஸ்ட் ஆபீசர் உத்தியோகம், நோட்ஸ் எழுதறதெல்லாம் வேலை நேரம் போக மிச்ச நேரத்துல. அந்த ஆளோட ஜப்பானீஸ் ராப்சடிங்கற ஆர்கெஸ்ட்ரா இசைக்கு 1935ல பாரிஸ்ல செரெப்னின் பரிசு கிடைக்குது, வயசு 21. அடுத்த வருஷம் பாஸ்டன்ல வாசிக்கறாங்க. எனக்கு 21 வயசுல அரியர் இருந்துச்சு.

*

மேல எழுதினவருக்கு ஒரு கும்பிடு. என் கதை கொஞ்சம் அசிங்கமான கதை.

ஊர்ல பன்னெண்டு வருஷம் கர்நாடக வயலின் கத்துக்கிட்டவன் நான். இங்க என் பொண்ணு ஸ்கூல் கிளப்ல கான்ட்ராபாஸ் வாசிக்குது, வயலின் வகையிலயே ரொம்ப பெருசு, லீவுக்கு வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தா, ஆளை விட பெருசு, ஹால்ல பாதி அதுதான். அந்த உறுமல் எப்படி வந்துச்சுன்னு முன்னாடியே எங்கயோ படிச்சிருந்தேன், 1954ல முதல் காட்ஸில்லா படம் எடுக்கும்போது மிருகக்காட்சி சாலை சத்தம் எதுவும் செட் ஆகல, இஃபுகுபேதான் கான்ட்ராபாஸ் தந்தியை தளர்த்திட்டு ராசின் தடவின தோல் கிளவுஸால இழுங்கன்னு ஐடியா குடுத்தார், அதை ரெக்கார்ட் பண்ணி வேகத்தைக் குறைச்சாங்க. ராசின்னா என்ன, பைன் மரத்துப் பிசின். மரம் படிச்ச ஆளுக்குத்தான்யா தோணும்.

சரி, பொண்ணு குளிக்கப் போன நேரமா பாத்து என்னோட குளிர்கால தோல் கிளவுஸ் எடுத்து, ராசின் கட்டியை நல்லா தேச்சு, பிருடையைத் திருகி அடித்தந்தியை தொளதொளன்னு ஆக்கி, மேல இருந்து கீழ ஒரே இழு. வந்தது என்ன தெரியுமா, எண்ணெய் போடாத கதவு. மறுபடி அழுத்திப் பிடிச்சு மெதுவா இழுத்தேன், இப்ப கன்னுக்குட்டி. ஆனா அதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி பாதி வேகத்துக்கும் கீழ இறக்கிப் போட்டேன் பாருங்க, புறங்கை முடி நிஜமாவே நட்டுக்கிச்சு. கதவும் கன்னுக்குட்டியும் காணோம், ஏதோ ஒரு பெரிய ஜீவன் வலியில கத்தற மாதிரி. கோவமா கத்துதுன்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன், அது வலி. அப்புறம் காலிங் பெல் அடிச்சுது, கீழ் வீட்டம்மா. பொண்ணு தலையில துண்டோட வந்து தந்தியைப் பாத்துட்டு ரெண்டு நாள் பேசல. கிளவுஸும் போச்சு, பிசுபிசுப்பு போகவே இல்ல.

*

எல்லாரும் ஆஹா ஓஹோங்கறீங்க, எனக்கு ஒரு குறை இருக்கு, சொன்னா அடிக்க வராதீங்க. மனுஷன் 250 படத்துக்கு மேல பண்ணியிருக்கார், நான் ஒரு முப்பது பாத்திருப்பேன், பாதி இடத்துல அடடே இது அந்தப் படத்துல வந்ததாச்சேன்னு இருக்கும். அந்த காட்ஸில்லா ட்யூனே 1948ல எழுதின வயலின் கன்சர்ட்டோல அப்பவே இருக்கு, போய்க் கேளுங்க. எடுத்ததையே எடுக்கறார்.

*

நண்பா, அதை நான் குறையா பாக்கல. சினிமாவுக்கு ஒரு கடை, கச்சேரிக்கு ஒரு கடைன்னு அவர் வைக்கல, ரெண்டுக்கும் ஒரே கிணத்துத் தண்ணிதான். அய்னு பெரியவங்க தரையை மிதிச்சு ஆடற ஆட்டத்தோட பேர்ல தப்காரா சிம்பொனின்னு ஒண்ணு எழுதினார் இல்ல, அதுவும் 1954, காட்ஸில்லாவும் 1954. ஒண்ணு கேட்டுட்டு இன்னொண்ணு கேளுங்க, மிதி ஒரே மிதி. அதுவும் இல்லாம டைரக்டர் கேட்டதை அப்படியே குடுக்கற ஆளும் கிடையாது. 1947ல இவர் மியூசிக் போட்ட முதல் படம், நடிகர் மிஃபுனேக்கும் அதுதான் முதல் படம், பனிச்சறுக்கு சீனுக்கு டைரக்டர் ஜாலியா கேட்டா இவர் ஒத்தை இங்கிலீஷ் ஹார்ன்ங்கற குழல் வாத்தியத்துல சோகமா ஒரு மெலடி வச்சுட்டு, ரெக்கார்டிங் நிக்கற அளவுக்கு சண்டை போட்டிருக்கார்.

*

நான் மியூசிக் தெரிஞ்சவ இல்ல, ரேடியாலஜி டெக்னீஷியன். எக்ஸ்ரேயைத் தடுக்கற ஈய ஏப்ரன் மாட்டிக்கிட்டுதான் என் பொழுது போகுது, அதனால இவர் கதையில எனக்கு ஒட்டினது வேற இடம். போர் சமயத்துல மரத்தோட உறுதி பத்தி ஆராய்ச்சி பண்ணச் சொல்லி ராணுவம் இவரை வச்சிருந்தது, எக்ஸ்ரே எடுக்கணும், ஈயத்துக்கு தட்டுப்பாடு, பாதுகாப்பு எதுவும் இல்லாமலே எடுத்திருக்கார். உடம்பு கெட்டுப்போச்சு. அண்ணனும் அதே மாதிரி ஒரு ஆராய்ச்சியில கதிர்வீச்சு பட்டு 1942ல போயிட்டார். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது, போர் முடிஞ்சு அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வந்து இறங்கற நிகழ்ச்சி ரேடியோல போகுது, கூடவே ஒரு மார்ச், பாத்தா ஜப்பான் நேவிக்காக இவரே எழுதினது! அதுக்கப்புறம் காட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கல, மியூசிக்கே தொழிலாச்சு, 1946ல இருந்து டோக்கியோல வாத்தியார்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்த 1954 படத்தை மறுபடி பாத்தேன். ஸ்கூல் பொண்ணுங்க டிவியில சமாதானப் பிரார்த்தனை பாடற சீன், படத்துல வர்ற விஞ்ஞானி செரிசாவா பாத்துட்டே இருந்து மனசு மாறற இடம். ராட்சசன் இல்ல, குண்டு இல்ல, வெறும் கோரஸ். ஹைட்ரஜன் குண்டு சோதனையில எழுந்து வந்த மிருகத்துக்கு, கதிர்வீச்சுல அண்ணனைப் பறிகொடுத்த ஒருத்தர் மியூசிக் போட்டிருக்கார்னு நெனச்சா... அந்த உறுமல் வலி மாதிரி இருந்துச்சுன்னு மேல ஒருத்தர் எழுதினதை நாலு தடவை படிச்சேன்.

*

முதல்ல எழுதினவன்தான் மறுபடி. தப்காரா எப்படிக் கேக்கலாம்னு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் வேணாம், அடில இருக்கற மிதியே கேக்காது. நல்ல ஸ்பீக்கர்ல, கடைசி மூவ்மென்ட்ல இருந்து ஆரம்பிங்க. கீழ் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு.