மாடல் ரயில் பாகங்களைப் படமெடுக்க மலிவான கேமரா?

கேள்வி: 'என்' கேஜ் (மிகச் சிறிய அளவு) மாடல் ரயிலின் சக்கரம், கியர் எல்லாம் விற்க வேண்டும். போனைக் கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடுகிறது, பல் எது பிசிறு எது என்றே தெரியவில்லை. 200 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எதை வாங்கலாம்?

பதில்: மெகாபிக்சலை விடுங்கள் அண்ணே, எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகும் என்று பாருங்கள். ஒலிம்பஸ் டிஜி-4 (TG-4) கேமரா மைக்ராஸ்கோப் மோடில் 1 செ.மீ. வரை போகும், பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் பழைய கேமரா கடைகளில் விசாரியுங்கள்.

பதில்: அவ்வளவு கிட்டே போனால் கேமரா நிழலே பாகத்தின் மேல் விழுமே! கொஞ்சம் தள்ளி, முக்காலியில் வைத்து, 2 வினாடி டைமர் போட்டு எடுத்து, அப்புறம் பாகம் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி (கிராப்) எடுங்கள்.

கேட்டவர்: சரி. கறுப்பு கியருக்கும் வெள்ளைத் தாளா?

பதில்: சாம்பல் தாள். வெள்ளையில் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கியர் கரிக்கட்டையாகத் தெரியும்.