தெஹெஸ்தானுக்கு ‘ஊரக மாவட்டம்’ வேண்டாம், ‘ஊர்க்கூற்றம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரான் ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது, பல ஊர்கள் சேர்ந்த ‘தெஹெஸ்தான்’ என்ற அந்நாட்டு நிர்வாகப் பிரிவை ‘ஊரக மாவட்டம்’ என்று பெயர்ப்பதென ஏறக்குறைய முடிவாகிவிட்டதுபோல் போன மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கெர்மான் மாகாணத்தில் ஷஹ்ரெ பாபக் பக்கம் மெய்மந்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. மெத்தென்ற பாறையைக் குடைந்து வீடாக்கி வாழும், பாரசீகம் பேசும் சனம். 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. அதைப் பற்றி முதல் வரி எழுத உட்கார்ந்தால் இப்படி வருகிறது: ‘ஷஹ்ரெ பாபக் மாவட்டம், மத்திய மாவட்டம், மெய்மந்த் ஊரக மாவட்டத்தில் உள்ள ஊர்.’ ஒரே வரியில் மூன்று மாவட்டம்! எது எதற்குள் அடங்கும் என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இது ஆங்கிலத்தின் வழியாகப் போனதால் வந்த வினை. பாரசீகத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. மேலே ஒஸ்தான், அதாவது மாகாணம், மொத்தம் 31. அதற்குள் நாம் மாவட்டம் என்னும் ஷஹ்ரெஸ்தான், பிறகு பக்ஷ், பிறகு தெஹெஸ்தான், அடியில் ஊர். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல். தெஹ் என்றால் ஊர். பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஸ்தான்’ நாம் சொல்லும் ஸ்தானத்துக்கு உறவுதான். ஊர்கள் கூடிய இடம், அவ்வளவே.

‘குறுவட்டம்’ என்று ஒருவர் சொன்னார். பொருளளவில் அதுதான் மிக நெருக்கம், சில ஊர்களைச் சேர்த்த பிர்காவைத்தானே தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அந்தத் துறையோடு பழக்கமில்லாதவருக்கு, அதிலும் கிராம சேவகர் பிரிவு என்றே கேட்டுப் பழகிய இலங்கை நண்பர்களுக்கு, அது ஒட்டாது. ‘ஊர்த்தொகுதி’ என்றால் வேட்பாளர்தான் நினைவுக்கு வருவார்.

சோழர் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்த பிரிவுக்குக் கூற்றம் என்று பெயர், மிழலைக் கூற்றம் மாதிரி. நம்மிடமே புழங்கிய சொல், அளவும் பொருந்துகிறது. கூற்றம் என்றால் எமனல்லவா என்பீர்கள், சரி, அதனால்தான் முன்னால் ‘ஊர்’ சேர்த்து ஊர்க்கூற்றம் என்கிறேன். தெஹ் என்ற பாதியும் அதில் வந்துவிடும். பக்ஷ் என்றாலே பங்கு, கூறு என்ற பொருள்தானே, கூற்றம் அதற்கல்லவா பொருத்தம் என்றும் கேட்கலாம். மாவட்டத்துக்கு அடுத்த படி என்பதால் அதற்கு ‘வட்டம்’ போதும், யாருக்கும் புரியும். அந்தப் பக்ஷை ஆளும் பக்ஷ்தாரில் இருக்கும் ‘தார்’ நம் தாசில்தாரின் ‘தார்’தான். ஆக, ‘ஷஹ்ரெ பாபக் மாவட்டம், மத்திய வட்டம், மெய்மந்த் ஊர்க்கூற்றம்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் ‘ஆபாதி’. இதையும் ‘ஊர்’ என்றே பெயர்க்கிறோம், அது தவறு. நகரத்துக்கு வெளியே ஆள் குடியிருக்கும் எந்த இடமும் ஈரான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆபாதிதான், தனித்து நிற்கும் ஒரு பண்ணைகூட. மெய்மந்தையே பாருங்கள். குளிர்காலத்தில் பாறைவீட்டில் இருப்பார்கள், வசந்தத்தில் ஆடுகளோடு ‘சரெ ஆகோல்’ என்ற மேய்ச்சல் குடில்களுக்குப் போவார்கள், கோடையில் ‘சரெ பாக்’ என்ற தோட்டக் குடில்களுக்கு. ஓர் ஊர்ச்சனம், மூன்று இருப்பிடம். 2006, 2011, 2016 மூன்று கணக்கெடுப்பும் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில், இலையுதிர்காலத்தில் நடந்தவை. இந்த நிலையில் மக்கள்தொகை இத்தனை, குடும்பம் இத்தனை என்று எழுதும்போது அந்த எண் ஊருக்கா, ஒரு குடியிருப்புக்கா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டாமா? ஆபாதிக்குக் ‘குடியிருப்பு’ என்றே வைப்போம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: ‘தெஹ்யார்’. ஊர்மன்றம் தேர்ந்தெடுக்க, பக்ஷ்தார் ஆணை கொடுத்து அமர்த்தும் பொறுப்பு இது. ‘யார்’ என்றால் துணை நிற்பவர் என்று பொருள். பழைய காலத்தில் இருந்த கத்ஹொதா என்ற பதவியை வேண்டுமானால் ஊர்த்தலைவர் எனலாம், இவர் அப்படியல்ல. ஊர்த்துணைவர் என்றால் கணவன் மனைவி உறவாகக் காதில் விழுகிறது, ஊர்ப்பணியாளர் என்றால் பதவியின் கனம் போய்விடுகிறது. நல்ல சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.