18 முடிந்த பிறகு: ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் நம் குமரி மாவட்டமும் – அனுபவப் பகிர்வு

தக்கலைக்காரி

பேச்சுப் பயிற்சி, பள்ளிச் சேர்க்கை, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற குழந்தையைச் சமாளிப்பது என்று சின்னப் பிள்ளைகளைப் பற்றி வேண்டிய அளவு பேசிவிட்டோம். மீசை முளைத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. 18 வயதானதும் பள்ளிக்கூடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறது. பிறகு கல்யாண வீட்டில் யாராவது "மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "வீட்டில்தான் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்த்து நகர்ந்துவிடுகிறோம். என் மகனுக்கு இப்போது 23.

வேலை, வங்கி, பஸ், உறவு, எதுவானாலும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். எண்ணெய் தேய்த்துச் சரியானது, மந்திரித்துச் சரியானது, ஜெபத்தில் சரியானது என்ற கதைகள் மட்டும் வேண்டாம். அவற்றை எனக்குச் சொல்ல ஏற்கெனவே ஒரு தெருவே இருக்கிறது.

முதலில் என்னுடையது. மகன் பேரில் என் அப்பா போட்டுவைத்திருந்த வைப்புத்தொகை முதிர்ந்தது. வங்கிக்குப் போனோம். அவன் வயது வந்தவன், அவனுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். சட்டப்படி முதல் பாதி சரி. நீதிமன்றம்தான் ஒரே வழி என்பது சரியில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. குழுவில் மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர்.

நாகர்கோவிலில் குழு கூடிய அன்று எல்லாக் கேள்வியும் என்னை நோக்கியே வந்தது. மாற்றுத்திறனாளி உறுப்பினர் மட்டும் என் மகன் பக்கம் திரும்பி, "உங்கள் பணத்தை அம்மா பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "அம்மா சில்லறை தர மாட்டாள்" என்றான் இவன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு எவ்வளவு வேண்டும்?" என்றார். "ஐம்பது." அதுவே பேச்சாயிற்று. இப்போது சனிக்கிழமைதோறும் 50 ரூபாய் அவன் சட்டைப்பையில். ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குகிறான். எனக்குப் பங்கு கிடையாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சான்றிதழ் வாங்கியதோடு முடியவில்லை. பிள்ளையின் சொத்துப் பட்டியலை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். நல்லதுதான். பெற்றவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று யார் சொன்னது?

குலசேகரம் ரப்பர் விளை

அக்கா, நான் பெற்றவன் இல்லை, வேலை கொடுத்தவன். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

எங்கள் விளையில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டுகிறவரின் அக்காள் மகன், வயது 26. பேச்சு மிகக் குறைவு. ஒரு நாள் மாமாவுடன் சும்மா வந்தவன், ஷீட் அடிக்கிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாளும் வந்தான். சரி, செய்து பார்க்கட்டும் என்று விட்டேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, தட்டில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் ஆசிட் கலக்க வேண்டும். உடனே மேலே நுரை கட்டும். அதை வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழ் விழும். குமிழைப் பார்த்தால் வியாபாரி தரத்தைக் குறைத்துவிடுவார். மற்றவர்கள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். இவன் குனிந்து, தட்டின் மூலையில் நிற்கிற ஒரு பொட்டு நுரையைக்கூட விரல் அகலத் தகட்டால் ஓரமாகத் தள்ளி எடுப்பான். எடுத்த பிறகு பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பான். அப்புறம்தான் அடுத்த தட்டு. வேகம் கொஞ்சம் குறைவுதான். எங்கள் ஷீட்டின் தரம் ஒரு படி மேலே ஏறியது, அது எனக்குப் போதும்.

நான் செய்த ஏற்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆசிட்டை நீர்ப்பது நான் மட்டும்தான். அவன் எடுக்கும் குவளையில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. கையுறை போட மாட்டேன் என்று கழற்றி எறிந்துகொண்டிருந்தான். அவன் அம்மாதான் உள்ளே ஒரு பருத்தித் துணிக் கையுறை தைத்துக் கொடுத்தார்கள், அதன் பிறகு தகராறு இல்லை.

தகராறு மழையால் வந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் வெட்டு கிடையாது. இன்று வேலை இல்லை என்றால் அவனுக்குப் புரிகிறது, ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. விளை வாசலில் வந்து நனைந்துகொண்டு நிற்பான், போகச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான். அவன் மாமா ஒரு வழி சொன்னார். இப்போது வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் 'பால்', மறுபக்கம் 'சிரட்டை'. மழை நாளில் சிரட்டைப் பக்கம். மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கழுவுவது, ஒட்டி உறைந்துபோன ஒட்டுப்பாலில் பட்டையும் தூசியும் பொறுக்குவது. எப்படியானாலும் அவன் வர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷீட் வேலைக்கு மற்றவர்களுக்கு என்னவோ அதேதான். பக்கத்து விளைக்காரர் ஒருவர், "அவனுக்கு எதற்கு முழுக்கூலி, மரச்சீனியும் சாயாவும் கொடுத்தால் போதாதா" என்றார். வியாபாரி விலை சொல்லும்போது, ஷீட்டை அடித்தவன் யார் என்று கேட்கிறாரா? கூலி கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கிற இடங்களும் இருக்கின்றன. பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ரப்பர் விளைக்காரர் எழுதியதைப் படித்ததும், எங்கள் வீட்டில் நடந்த நேர்மாறான கதையை எழுதத் தோன்றியது. என் மகளுக்கு 30. நன்றாகத் தாள் மடிப்பாள், ஓரம் பிசகாது. ஓர் அச்சகத்தில் புத்தகக் கட்டு வேலைக்கு அழைத்தார்கள். உறவினர்கள் எல்லோரும் சேர்ந்து, அனுப்பாதீர்கள் என்றார்கள். காரணம், எனக்கும் மனைவிக்கும் பிறகு மகளுக்கு வரக்கூடிய குடும்ப ஓய்வூதியம். குறைபாட்டால் சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்குத்தான் அது வாழ்நாள் முழுவதும். 'சம்பாதிக்கிறாள்' என்று காகிதத்தில் ஏறிவிட்டால் போச்சு என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற வருமான வரம்பை மத்திய அரசு 2021-இல் தன் ஊழியர்களின் குடும்பங்களுக்குத் தளர்த்தியது. மாநில ஊழியர்கள் தங்கள் விதியை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது, வாய்வார்த்தையை நம்பாதீர்கள். என் முடிவு வேறு. நான் இறந்த பிறகு வரப்போகிற பணத்துக்காக, நான் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் மகளை ஜன்னலோரம் உட்கார்த்திவைப்பதா? பாதி நாள் வேலைக்கு அனுப்புகிறேன். விதிகளை எழுதுகிறவர்கள் 'முழுவதும் இயலாதவர்', 'முழுவதும் இயன்றவர்' என்று இரண்டு பெட்டிதான் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாரும் அவற்றுக்குள் உட்காருவதில்லை.

வடசேரிப் பெண்

எனக்கு 29 வயது. எனக்கே ஆட்டிசம். 25 வயதில்தான் தெரிந்தது. 'நம் பிள்ளைகள்' என்று நீங்கள் எழுதும்போது நானும் அதில் அடக்கம், ஆகவே கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன்.

நேர்காணல்களில் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். "ஐந்து ஆண்டுகள் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "இங்கே வேலை கிடைக்குமா என்றே இன்னும் தெரியவில்லையே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கணக்குத் தணிக்கையாளர் ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டு பில்லைக் கையில் கொடுத்து, "இதில் தப்பு இருக்கிறதா பாருங்கள்" என்றார். இருந்தது, மூன்று இடத்தில். அன்றிலிருந்து அங்கேதான் வேலை. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் தெருவில் ஒலிபெருக்கி கட்டும் நாட்களில் அலுவலகத்தின் பின்னறையைத் திறந்து கொடுத்துவிடுவார்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயம். இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க 40 கூறுகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்பெண் 70-க்குக் கீழே போனால் உங்களுக்கு ஆட்டிசம் இல்லை. சிறு வயதிலிருந்தே திட்டு வாங்கி வாங்கி, கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிவிட்ட பெண்ணுக்கு அதில் என்ன மதிப்பெண் வரும்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். அந்த வாசலுக்குப் போகவும் 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் வேண்டும். நான் வாசலிலேயே நிற்கிறேன்.

'நமக்குப் பிறகு யார்?' என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறீர்கள். என் அம்மாவும் கேட்பாள். கேட்டுவிட்டு, இன்று மாலை நான் தனியாகக் கடைக்குப் போவதைத் தடுப்பாள்! அதே 2016 சட்டத்தில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒரு முறை உண்டு. பாதுகாவலரும் சம்பந்தப்பட்டவரும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும், தேவைப்பட்ட விஷயத்துக்கு மட்டும், தேவைப்பட்ட காலத்துக்கு மட்டும். எல்லோருக்கும் முழுப் பாதுகாவலர் வேண்டியதில்லை. தக்கலை அக்காவின் மகனுக்கு 50 ரூபாய் வாங்கிக் கொடுத்தவருக்கு என் வணக்கம்.

நடத்துநர்

நாகர்கோவில் பக்கம் டவுன் பஸ்ஸில் வேலை. நாலு வரி. ஒரு பையன் தினமும் ஏறுவான், வலது பக்கம் மூன்றாவது ஜன்னல். அங்கே வேறு ஆள் இருந்தால் நின்றுகொண்டு முனகுவான். நான் போய் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி மாற்றித் தருவேன், பெரும்பாலும் எழுந்துகொள்வார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். புது நடத்துநர் கேட்டால் பிள்ளை பதில் சொல்லத் திணறும்.

குளச்சல், தம்பி

வளைகுடாவில் இருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு 34. நான் இளையவன், ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் 'அண்ணனை நீதான் பார்க்க வேண்டும் மக்களே' என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் என்னிடம் கேட்டதில்லை.

எனக்குப் பெண் பார்த்தபோது வெளிச்சத்துக்கு வந்தது. பெண் வீட்டார் வருகிற நாளில் அண்ணனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள் அம்மை. முடியாது என்றேன். இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவது வந்தவர், அவர்தான் என் மனைவி, அண்ணனைப் பார்த்துவிட்டு அம்மையிடம், "எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கேட்காதீர்கள் மாமி. இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, அவருக்கு என்ன வேலை, அதைப் பேசலாம்" என்றார். அம்மைக்குக் கோபம். அண்ணனுக்கு அதுவரை வீட்டில் ஒரு வேலையும் கிடையாது, தட்டைக்கூட அம்மை கழுவுவாள். இப்போது தண்ணீர் பிடிப்பதும், துணி உலர்த்தி மடிப்பதும், மீன் வாங்கி வருவதும் அவன்தான். மீன்காரியிடம் பேரம் பேச மாட்டான். அது ஒரு நஷ்டம்.

அப்பா புரையிடம், அதாவது வீடும் மனையும், முழுவதையும் என் பேரில் எழுதி, 'அண்ணனைப் பார்த்துக்கொள்' என்று முடித்துவிடப் பார்த்தார். பாதியை அண்ணன் பேரில், ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டில் வைக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் நல்லவனாக இருப்பேன் என்ற நம்பிக்கையில் ஒரு மனிதனின் கூரையை நிறுத்தக் கூடாது.

சிறப்பு ஆசிரியை

நாகர்கோவிலிலும் சுற்றிலும் வேலை பார்க்கிறேன். 18 வந்த பிறகு தொடங்கினால் தாமதம். 14, 15-இல் ஆரம்பிக்க வேண்டியது எழுத்துப் பயிற்சி இல்லை: சவரம், மாதவிடாய்த் துணி மாற்றுவது, கதவைத் தாழிடுவது, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, மீதிச் சில்லறை. பெற்றோர் வெட்கப்படுகிற பாடங்களைத்தான் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பார்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வயது வரம்பு கிடையாது, வெளிநோயாளிச் சிகிச்சையும் பயிற்சிகளும் சேரும். பலர் பிள்ளைக்கு 18 ஆனதும் முடிந்துவிட்டது என்று நினைத்துப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடும் இருந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், 2023-இல் 1,500-இலிருந்து உயர்ந்தது. பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி என்றால் சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம், அதனால் நான் அனுப்பச் சொல்வது அபூர்வம். பிள்ளை வாழப்போவது இங்கே, வேலையும் இங்கே பழகினால்தான் நிற்கும்.

திருவட்டாறு அம்மா

ரப்பர் விளை அண்ணா, என் மகளுக்கு 21. ஆசிட் பக்கம் அனுப்ப எனக்குப் பயம். ஆனால் பிரிப்பது, அடுக்குவது என்றால் சலிக்காமல் செய்வாள். இடம் உண்டா? ஆண்கள் மட்டும் இருக்கிற இடமா?

குலசேகரம் ரப்பர் விளை

சகோதரி, சிரட்டை கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள், அவர்களோடு உட்காரலாம். ஆசிட் அறை பூட்டித்தான் இருக்கும். முதல் வாரம் நீங்களும் கூட வாருங்கள், பிறகு வேண்டாம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, அதை இந்த வாரம் மாற்றிவிடுகிறேன். ஒட்டுப்பால் வேலைக்கு அந்த அம்மாக்களுக்குக் கொடுக்கிற கூலிதான், அரை நாள் என்றால் பாதி. பணத்தை மகள் கையில்தான் கொடுப்பேன், உங்களிடம் இல்லை. சம்மதம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், வழி சொல்கிறேன்.