மேலாக் கண்காணிக்கும் டூலில் ஸ்டாக் ட்ரேஸ்: எங்கே பிடிப்பது, எப்போது அச்சிடுவது?

இலந்தைக்குளம்_சி:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான பில்லிங் சர்வர். சி++, உபுண்டு 22.04. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வரத்து ஏற ஏற மெமரியும் ஏறுது, கூட்டம் வடிஞ்ச பிறகும் இறங்கலை. வால்கிரைண்டில் (மெமரித் தப்பைக் கண்டுபிடிக்கிற டூல்) ஓட்டினால் சர்வர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால எல்டி ப்ரீலோட் (நம்ம லைப்ரரியை மற்றதுக்கு முன்னாடி ஏத்துற வசதி) வழியா மேலாக்கையும் (மெமரி வாங்குறது) ஃப்ரீயையும் (திருப்பிக் கொடுக்குறது) இடைமறிக்கிற சின்ன டூல் எழுதுறேன். ஒவ்வொரு மேலாக்கிலும் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்ததுன்னு காட்டுற முகவரிப் பட்டியல், அதான் ஸ்டாக் ட்ரேஸ்) எடுத்து, பேக்ட்ரேஸ்_சிம்பல்ஸ் (முகவரியைப் பேரா மாத்துறது) வச்சு உடனே அச்சிடுறேன். தொடங்கும்போதே ஸ்டாக் நிரம்பி விழுது. விழாத நேரத்தில் பல ஃபங்ஷனுக்குப் பேர் வரலை. ஆடர்2லைன் (முகவரிக்கு சோர்ஸ் வரி எண் சொல்ற டூல்) காட்டும் வரியும் அடுத்த வரியா இருக்கு. என்ன செய்யலாம்?

மேலூர்_லினக்ஸ்:
பிடிக்கிற இடத்திலேயே அச்சிடுறதுதான் பெரிய தப்பு. மேலாக்குக்குள்ள முகவரிகளை மட்டும் சேகரிங்க. பேரும் வரி எண்ணும் பிறகு, ப்ராசஸுக்கு வெளியே.

விழக் காரணம்: பேக்ட்ரேஸ் முதல் தடவை ஓடும்போது லிப்ஜிசிசி லைப்ரரியை டைனமிக்கா ஏத்தும். அந்த ஏத்தம் மேலாக் கேட்கும், அது உங்க ராப்பருக்கே (இடைமறிக்கிற ஃபங்ஷன்) வரும், ராப்பர் திரும்ப பேக்ட்ரேஸைக் கூப்பிடும். பேக்ட்ரேஸ்_சிம்பல்ஸ் தர்ற பட்டியலோ ஒவ்வொரு தடவையும் மேலாக்கில் வாங்கினது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கொடி ஒண்ணு வைங்க. கொடி ஏறியிருந்தா நேரா அசல் மேலாக்குக்குப் போயிடணும். உங்க லைப்ரரி ஏறினதும் ஓடுற கன்ஸ்ட்ரக்டரில் கொடியை ஏத்திட்டு பேக்ட்ரேஸை ஒரு தடவை வெறுமனே கூப்பிட்டு வச்சிடுங்க. கொடியோட டிஎல்எஸ் (த்ரெட்டுக்குத் தனி மாறி) மாடல் இனிஷியல்-எக்ஸெக்கா இருக்கணும், இல்லாட்டி கொடியைத் தொடுறதே மேலாக்கைக் கிளப்பலாம். அசல் மேலாக்கைத் தேடித் தர்ற டிஎல்சிம்மும் தொடக்கத்தில் கால்லாக் (மெமரி வாங்குற இன்னொரு ஃபங்ஷன்) கேட்கலாம். அதுக்கு ஒரு ஸ்டாடிக் பஃபர் ஒதுக்குங்க.

சேமிக்கும்போது கணக்குப் பாருங்க. 16 ஃபிரேம் (ஃபிரேம்னா ஒரு அழைப்பு, முகவரி 8 பைட்) எடுத்தா ஒரு பிளாக்குக்கு (மேலாக்கில் வாங்கின ஒரு துண்டு) 128 பைட். உயிரோட இருக்கிறது 10 லட்சம் பிளாக்னா 128 எம்பி. ஆனா வேறுபட்ட ட்ரேஸ்கள் பெரும்பாலும் சில ஆயிரம்தான் இருக்கும். முகவரி வரிசையை ஹாஷ் செஞ்சு ஒரே தடவை வைங்க, பிளாக்கில் 4 பைட் எண் போதும். அந்த அட்டவணைக்கு இடம் எம்மேப்பில் (மேலாக் வழியா போகாம நேரா கர்னலிடம்) வாங்குங்க.

திருநகர்_டீபக்:
பேர் வராத விஷயம்: பேக்ட்ரேஸ்_சிம்பல்ஸ் டைனமிக் சிம்பல் அட்டவணையை மட்டுமே பார்க்கும். லிங்க் செய்யும்போது ஆர்டைனமிக் (சிம்பல்களை அந்த அட்டவணையில் சேர்க்கும் ஆப்ஷன்) கொடுத்தாலும் ஸ்டாடிக் ஃபங்ஷன்கள் அதில் வராது. மைனஸ் ஜி (டீபக் தகவல் சேர்க்கும் ஆப்ஷன்) போட்டுக் கம்பைல் செய்து ஆடர்2லைனிடம் விடுங்கள். இன்லைன் ஆனவற்றையும் காண மைனஸ் ஐ சேருங்கள். பைனரி பிஐஇ (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியது) என்றால் ஓடும்போதுள்ள முகவரியை அப்படியே கொடுத்தால் கேள்விக்குறிதான் வரும். ப்ராக் மேப்ஸில் (எந்தக் கோப்பு எந்த முகவரியில் ஏறியிருக்கிறது என்ற பட்டியல்) அந்தக் கோப்புக்கு ஆஃப்செட் 0 உள்ள வரியின் தொடக்க முகவரியைக் கழித்துக் கொடுங்கள். இடையில் டிஎல்குளோஸ் ஆகும் (மெமரியிலிருந்து இறக்கப்படும்) லைப்ரரி இருந்தால் அதற்கு முன்பே மேப்ஸை நகலெடுத்து வைக்க வேண்டும்.

வரி எண்: ஸ்டாக்கில் இருப்பது ரிட்டர்ன் அட்ரஸ், அதாவது அழைப்புக்கு அடுத்த கட்டளை. 1 கழித்துவிட்டுத் தேடுங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள்: ஃபங்ஷனின் கடைசிக் கட்டளை அபார்ட் போன்ற திரும்பாத அழைப்பாக இருந்தால், ரிட்டர்ன் அட்ரஸ் அடுத்த ஃபங்ஷனுக்குள் விழும், பேரே தப்பாக வரும். சிக்னல் குறுக்கிட்ட ஃபிரேமில் மட்டும் கழிக்கக் கூடாது, அங்கே இருப்பது அந்தக் கட்டளையின் சொந்த முகவரி.

இலந்தைக்குளம்_சி:
நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். இப்போ விழலை, வரியும் சரி. ஆனா கூட்ட நேரத்தில் ரொம்ப மெதுவாகுது.

மேலூர்_லினக்ஸ்:
பேக்ட்ரேஸ் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இஎச்ஃபிரேம் (ஸ்டாக்கில் எப்படித் திரும்பி ஏறணும்னு சொல்ற) அட்டவணையைத் தேடுது, அதான் பாரம். உங்க கோடை ஃபிரேம் பாயிண்டரோட கம்பைல் பண்ணுங்க. அப்புறம் ஆர்பிபி (ஃபிரேம் பாயிண்டர் இருக்கிற ரெஜிஸ்டர்) சுட்டுற இடத்தில் முந்தைய ஆர்பிபி, அதுக்கு 8 பைட் மேலே ரிட்டர்ன் அட்ரஸ். சங்கிலியைப் பிடிச்சு ஏறினா போதும். 22.04 லைப்ரரிகள் ஃபிரேம் பாயிண்டர் இல்லாம வந்தவை, 24.04-இல் 64 பிட்டுக்கு இயல்பாவே உண்டு. அதனால ஒவ்வொரு படியிலும் புது மதிப்பு முந்தினதைவிட மேலே இருக்கா, அந்த த்ரெட்டின் ஸ்டாக் எல்லைக்குள்ள இருக்கான்னு பார்க்காம அதைப் படிக்காதீங்க.

திருநகர்_டீபக்:
இன்னொன்று. டூல் கணக்கில் உயிரோடுள்ள பிளாக்குகள் குறைந்தும் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் ரேம்) இறங்கவில்லை என்றால் அது லீக் அல்ல. ஜிலிப்சி (சி லைப்ரரி) அரீனாக்கள், அதாவது மேலாக் வைத்திருக்கும் மெமரித் தொகுப்புகள், இடத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். கூட்டம் வடிந்ததும் மேலாக்_ட்ரிம் 0 (காலி இடத்தை சிஸ்டத்திடம் திருப்பித் தருவது) ஒரு முறை அழைத்துப் பாருங்கள். அதில் இறங்கிவிட்டால் ட்ரேஸ்களில் தேட வேண்டியதே இல்லை.