900 மீட்டரில் ஒரு தோட்டா மட்டும் கீழே: கையால் நிரப்புகிறவர்களின் அனுபவங்கள்

கன்னாட்_முந்நூற்றெட்டு:

ஒட்டாவாவின் கன்னாட் சுடுதளத்தில் நடந்த எஃப்-டிஆர் (தாங்குகால் வைத்து, தொலைநோக்கியுடன் சுடும் எஃப்-கிளாஸ் வகை) போட்டியொன்றின் 900 மீட்டர் சுற்று இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. .308 வின்செஸ்டர், 155 கிரெய்ன் குண்டு, லாபுவா கேஸ் (பித்தளைக் கூடு), ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) வெடிமருந்து, ஒரே லாட் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கூட்டைச் சூடாக்கி இளக்கும் அனீலிங் என்று, இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். சுற்றின் நடுவில் ஒரு குண்டு போனது. இலக்கின் அடியிலுள்ள குழியில் இருந்தவர் பலகையை இறக்கி, துளையில் ஆரஞ்சு வட்டைச் செருகி மறுபடி ஏற்றியபோது, அது நடுவட்டத்துக்கு நேர் கீழே ஓரடிக்கும் அதிகமான தொலைவில் நின்றது. பக்கவாட்டில் விலகலே இல்லை. அடுத்த குண்டு, குறியை நான் தொடாமலேயே, பழையபடி நடுவட்டத்துக்குள் விழுந்தது.

இந்தத் தொலைவில் முகவாய் வேகம் (குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம்) வினாடிக்கு 10 அடி குறைந்தால் குண்டு சுமார் 3 அங்குலம் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் ஓரடிக்கு மேல் இறங்குவதற்கு 40 அடியாவது குறைந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் வைத்திருந்த ராடார் குரோனோகிராஃப் (வேகமானி) அந்தக் குண்டுக்குக் காட்டிய வேகம் மற்றவற்றின் நடுவில்தான் இருந்தது. மீதமிருந்த தோட்டாக்களை வீட்டில் பிரித்து மருந்தை எடைபோட்டுப் பார்த்தேன்; எதிலும் குறை தெரியவில்லை. இதுபோல் வேறு யாருக்கேனும் நடந்திருக்கிறதா?

பெல்மாண்ட்_வெயில்:

நடந்திருக்கிறது. பிரிஸ்பேனின் பெல்மாண்ட் சுடுதளத்தில், ஜனவரி வெயிலில், தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளி போல்ட்டைப் பூட்டிய பிறகு காற்று திரும்பியதால் காத்திருந்தேன். குழலின் மேலெழுந்த கானல் தொலைநோக்கியில் இலக்கையே நெளியவைத்துக்கொண்டிருந்தது. கொடிகள் பழைய நிலைக்கு வந்ததும் சுட்டேன். என் வரிசையிலிருந்து அந்த ஒன்று மட்டும் தனியே பிரிந்து மேல்விளிம்பில் விழுந்தது. நாங்கள் இங்கே ஏஆர் 2208 என்று வாங்குகிற மருந்து நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் செய்யப்படுவது; உங்கள் பக்கத்தில் வார்கெட் என்ற பெயரில் கிடைப்பதும் அதுதான். வெப்பநிலை மாற்றத்தை அதிகம் பொருட்படுத்தாத மருந்து என்று பெயரெடுத்தது அது. அப்படியிருந்தும் சூடான அறைக்குள் வெந்துகொண்டிருந்த தோட்டாவின் வேகத்தைக் கட்டுப்படுத்த அதனாலும் முடியவில்லை. உங்கள் தோட்டாவும் அறைக்குள் எவ்வளவு நேரம் கிடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

தராசுமுள்:

பெல்மாண்ட் ஐயா சொல்வது நேர்எதிர். சூட்டினால் அழுத்தம் கூடும், வேகம் கூடும், குண்டு மேலேதான் போகும். கன்னாட் தம்பியின் குண்டு கீழே போயிருக்கிறது.

என் சந்தேகமெல்லாம் தராசின்மேல்தான். டொராண்டோவில் ஒரு நண்பரின் நிலவறையில் குளிர்காலத்தில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டின் சூடேற்றி உறுமத் தொடங்கிய அதே நொடியில், வெறும் தட்டு வைத்திருந்த மின்னணுத் தராசின் பூச்சியம் கண்முன்னே நகர்ந்தது. சூடேற்றி நின்றதும் எண் திரும்பி வந்தது. நண்பர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே, கேளாமலே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தராசை நிரப்பும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவைக்க வேண்டும். அதன்மேல் காற்று படாமல் மூடி இருக்க வேண்டும். குளிர்காலத்தில் உலர்ந்த காற்றினால் பிளாஸ்டிக் புனலிலும் தட்டிலும் நிலைமின்சாரம் ஏறி எடையைப் பொய்யாக்கும் என்பதால் உலோகத் தட்டே நல்லது. சில தோட்டாக்களுக்கு ஒருமுறை சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது கட்டாயம். அந்தக் கல்லையும் விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒரு கிரெய்ன் என்பது வெறும் 64.8 மில்லிகிராம். சாதாரண மின்னணுத் தராசு அதில் பத்தில் ஒரு பங்குவரைதான் நுணுக்கமாகக் காட்டும். காட்டும் எண்ணிலும் அதே அளவு முன்பின் இருக்கலாம். காந்தவிசையால் சமன்செய்யும் வகைத் தராசோ குச்சி வடிவ மருந்தின் ஒற்றைக் குச்சியைக்கூட உணரும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழலுக்கும் தொலைநோக்கிக்கும் செலவழித்தவர் இதில் கையை இறுக்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்குவதில்லை.

கன்னாட்_முந்நூற்றெட்டு:

அண்ணா, மருந்து குறைந்திருந்தால் வேகமும் குறைந்திருக்க வேண்டுமே. வேகம் சரியாக இருந்தது என்றுதான் முதலிலேயே எழுதியிருந்தேன்.

ஐந்துக்கு_மேல்:

தராசுமுள் அவர்கள் ஒற்றைக் குச்சிவரை போகிறார். அதனால் என்ன கிடைக்கிறது என்பதை எதைக் கொண்டு அளக்கிறார் என்பதே என் கேள்வி. எங்கள் சுடுதளத்தில் ஒருவர் ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் (வேகம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) மூன்று என்று கைப்பேசியை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்காட்டினார். அந்த முகத்தின் பூரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வாரம் அதே பெட்டியிலிருந்து மேலும் ஐந்து, விலக்கம் பதினொன்று. அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மருந்தின் அளவை மாற்றப் போவதாகச் சொன்னார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்து தோட்டாக்களிலிருந்து கிடைக்கும் திட்ட விலக்கத்தின் உண்மையான மதிப்பு, 95 விழுக்காட்டு நம்பகத்தில், காட்டும் எண்ணின் 0.6 மடங்கிலிருந்து ஏறத்தாழ 2.9 மடங்குவரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். முப்பது தோட்டாக்கள் சுட்டால்தான் அந்த இடைவெளி 0.8 முதல் 1.34 மடங்கு என்று சுருங்குகிறது. மூன்று மூன்றாகச் சுட்டு, சிறிய துளைக்கூட்டம் தெரிந்த இடத்தில் நின்று, அதையே நல்ல கலவை என்று கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் தற்செயலைத்தான் கொண்டாடுகிறார்கள்.

கன்னாட் நண்பருக்கு ஒன்று. ராடார் அளப்பது முகவாயை விட்ட வேகத்தை மட்டுமே. வழியில் குண்டு எவ்வளவு இழுவையைச் சந்தித்தது என்பதை அந்த எண் சொல்லாது. குண்டின் நுனி நசுங்கியிருந்தாலோ, அந்த ஒன்று மட்டும் வேறு லாட்டிலிருந்து கலந்திருந்தாலோ, புறப்பட்ட வேகம் சரியாகவே இருந்தும் 900 மீட்டரில் அது கீழே வரலாம். ஓரடிக்கு மேல் என்பது அதற்கும் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். இடப்பக்கக் காற்று திடீரென்று எழுந்தால், வலமாக முறுக்கிய குழலிலிருந்து போகும் குண்டு சற்றுக் கீழிறங்கும் என்பதும் உண்மை. ஆனால் அதே காற்று குண்டை வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் துளையில் அந்த அடையாளம் இல்லை.

கோவை_ஐம்பது:

நான் சுடுவது 50 மீட்டர், .22. அந்தத் தோட்டாவை வீட்டில் நிரப்புவது நடைமுறையில் முடியாது. பிரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. மற்ற தோட்டாக்களைத் தயாரிப்பதற்கும் இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும் என்பதால், இங்கே நீங்கள் பேசுகிறவற்றைப் படித்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. எங்களுக்கு இருக்கும் ஒரே வழி, துப்பாக்கியைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய் லாட் தேர்ந்தெடுப்பதுதான்.

ஜெர்மனியின் ஷோனெபெக்கில் உள்ள சோதனைக்கூடத்தில் என் துப்பாக்கியை அசையாத பிடிப்பானில் பூட்டி, லாட் லாட்டாகப் பத்துப் பத்துத் தோட்டாக்கள் சுட்டார்கள். மனிதக் கை, மூச்சு, காற்று எதுவும் இல்லை. ஒரு லாட் ஒரே ஓட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தைய தோட்டா மட்டும் தனியே கீழே விழுந்தது. சுட்டுக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்தார், அந்த அளவையும் சேர்த்தே குறித்துக்கொண்டார், அடுத்த பெட்டியை எடுத்தார். ஏன் என்று நான் கேட்டதற்குத் தோளைக் குலுக்கியதோடு சரி. பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் என்னும் விளையாட்டில் அந்தத் தோள்குலுக்கலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஸ்டிக்கிள்டவுன்_குழி:

இங்கிலாந்தின் பிஸ்லியில் டார்கெட் ரைஃபிள் (தொலைநோக்கி இல்லாத வகை) சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் போட்டியில் வழங்கப்பட்ட தோட்டாதான். அதனால் குண்டு கீழே போனால் தோட்டாவைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். எஃப்-கிளாஸ்காரர்களுக்குத் திட்டுவதற்குத் தங்களைத் தவிர ஆளில்லை. அதனாலோ என்னவோ, எல்லாப் பதில்களும் தோட்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நான் அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் தளத்தின் குழியில் பலகை இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், மணல்மேட்டில் புழுதி எழுந்ததைப் பார்த்ததும் வழக்கம்போலப் பலகையைக் கீழே இழுத்தேன். பலகை பாதி இறங்கியிருந்தபோது தலைக்குமேல் இன்னொரு குண்டின் சாட்டையடி ஓசை கேட்டது. முதல் குண்டு பக்கத்துப் பாதைக்காரர் தவறுதலாக என் பலகையில் சுட்டது. இரண்டாவது என் பாதைக்காரருடையது, அது காலியான இடைவெளி வழியாகப் போய் மணலுக்குள் புதைந்தது. பலகையில் இருந்ததோ ஒரே துளை. அந்த ஓசை காதில் விழுந்திருக்காவிட்டால், எவனோ சுட்ட துளையில் வட்டைச் செருகி ஏற்றியிருப்பேன். மேலே இருந்தவர் இன்றுவரை தன் மருந்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

900 மீட்டருக்கு உங்கள் குண்டு ஏறத்தாழ ஒன்றரை வினாடி எடுக்கும். புழுதியைக் கண்டு கையை இழுக்க மேலும் ஒரு வினாடியாவது போகும். நீங்கள் விசையை இழுத்த பிறகு பலகை எப்போது இறங்கத் தொடங்கியது? உங்கள் பக்கத்தில் யாருக்காவது அந்த நேரத்தில் துளையே இல்லை என்று அறிவித்தார்களா?

கன்னாட்_முந்நூற்றெட்டு:

இதை எழுதுவதற்கு முன் என் புள்ளிப்பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் என் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. ஆனால் துப்பாக்கி அதிர்ந்து அடங்கி, என் கண் மறுபடியும் தொலைநோக்கிக்கு வந்தபோது பலகை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. குழியில் இருப்பவர் கெட்டிக்காரர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வலப்பக்கத்துப் பாதையில் இருந்தவர் தன் பலகை இறங்கவே இல்லை என்று பதிவாளரிடம் முறையிட்டதும் நினைவிருக்கிறது. அது இந்தக் குண்டின்போதா, அடுத்ததன்போதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்கிறேன்.

தராசுமுள்:

கேளுங்கள், தம்பி. அவர் எந்தத் தராசு வைத்திருக்கிறார் என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.