எண்ணெய்க் கறை படிஞ்ச ஜீப் புத்தகம்

கோண்டாவில்காரன்:
பழைய பட்டாளக் கையேடு சேர்க்கிற ஆக்கள் கொஞ்சம் கேளுங்கோ. ஊருக்குள்ள ஒரு கராச்சுக்கு மோட்டச்சைக்கிள் கொண்டு போனனான். ஸ்பானர் பெட்டிக்குக் கீழ கறுத்துப்போன புத்தகம் ஒண்டு கிடந்துது. இழுத்துப் பாத்தா அமெரிக்க இராணுவத்தின்ர ரிஎம் 9-803! 1944 பெப்ரவரியில அடிச்சது. வில்லிஸ் எம்பி, ஃபோர்ட் ஜிபிடபிள்யூ ரெண்டு ஜீப்புக்கும் உரிய கையேடு. கராச் நடத்திற மாஸ்ரரின்ர ஐயா அந்தக் காலத்தில வாங்கின ஜீப்போட வந்ததாம். ஜீப் எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுது.

காபரேற்றர் பக்கத்தைத் திறந்தா அச்செழுத்தைவிடப் பென்சில் எழுத்துத்தான் கூட. 1990இல யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமப் போன காலத்துக் குறிப்புகள். துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்திறது எங்கட ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான். ஆனா அந்த எஞ்சின் ஏன் அதுக்கு இணங்கினது எண்டு மாஸ்ரர் சொல்லித்தான் விளங்கிச்சு. அதின்ர அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள்ள கலவையை எத்தினை மடங்கு நசுக்குது எண்ட கணக்கு, வெறும் 6.48. இப்பத்தைக் கார் எஞ்சினுக்குப் பத்தளவில வரும், மண்ணெண்ணெய் விட்டா எஞ்சின் 'நொக்' அடிக்கத் தொடங்கிடும். 1-3-4-2 எண்டு சிலிண்டர்கள் எரியிற ஒழுங்கைச் சுத்தி ஒரு வட்டம், அதுக்குப் பக்கத்தில ஆரோ தரவேண்டிய காசுக் கணக்கு.

விலை கேட்டன். "தம்பி, விக்கிறதுக்கில்லை. பாக்கிறதெண்டாப் பார். கை கழுவ வேண்டாம், அதுக்கு எண்ணெய்க் கைதான் பழக்கம்" எண்டார்.

வல்வெட்டி:
குடுத்து வைச்சனீங்கள் அண்ணை. எங்கட அப்பப்பா ரெண்டாம் உலகப்போரில சிக்னல் பிரிவில இருந்தவர். 19ஆம் இலக்க வயர்லெஸ் செற்றின்ர புத்தகம் வைச்சிருந்தவராம். கனடாவில செய்து சோவியத்துக்கு அனுப்பின செற், முகப்பில ஆங்கிலமும் ரஷ்யனும் சேர்த்து அடிச்சிருக்கும், அந்தப் படமும் அதுக்குள்ள இருந்ததாம். ஆமிச் சுற்றிவளைப்பு எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு அப்பம்மா அடுப்புக்குள்ள வைச்சிட்டா. "அன்ரனாப் படம் போட்ட புத்தகத்தை வைச்சுக்கொண்டு ஆருக்கு விளக்கம் சொல்லுறது?" எண்டு இப்பவும் கேப்பா. எனக்கும் மறுமொழி இல்லை.

கொழும்புத்துறை:
ரிஎம் 9-803 இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மறுபதிப்பும் இருக்கிறது. அழுக்குப் பிரதிக்கு ஏன் இந்தத் தவிப்பு? சேகரிப்பவர்கள் கறையில்லாத பிரதிக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

கோண்டாவில்காரன்:
கறையில்லாத பிரதி அமெரிக்காவில ஆயிரம் கிடக்கும் ஐயா. மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதின பிரதி இங்க மட்டும்தான். வல்வெட்டி சொன்னதைப் பாருங்கோ: வடிவா அலுமாரிக்குள்ள வைச்சதுகள் அடுப்புக்குப் போச்சு. இது சாமானோட சாமானாக் கிடந்தபடியால் தப்பினது.

நல்லூர்ப் பெரியவர்:
எனக்கு முதன்முதல் கிடைச்சது கச்சான் சுருள். அறுபதுகளில நல்லூர்த் திருவிழா, கச்சானைத் திண்டு முடிச்சுப் பேப்பரை விரிச்சா பிரென் இயந்திரத் துப்பாக்கி படம். மகஸினுக்குள்ள 30 ரவை கொள்ளும், 28 தான் போடவேணும் எண்டு கிடந்துது. கச்சான் வித்த ஆச்சியிட்டத் திரும்ப ஓடிப்போய் மிச்சத்தையும் கேட்டன். அட்டையில, இதிலுள்ள தகவலை மன்னரின்ர சேவையில பதவி வகிக்காத எவருக்கும் தெரிவிக்கப்படாது எண்டு கட்டளை. ஆச்சி அதில கச்சான் சுத்தி அஞ்சு சதத்துக்கு வித்துக்கொண்டிருந்தவா!

தம்பிமாருக்கு ஒண்டு. அந்தக் காலத்துப் பிரசுரங்களில கம்பிப் பின் கறல் பிடிச்சுத் தாளைத் திண்டுகொண்டு போகும். அதைத் தகட்டுக் கத்தியால மெல்ல நிமித்திக் கழட்டிப்போட்டு, நூலால தையுங்கோ. ஒட்டுற ரேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளுக்குள்ள இறங்கிடும். இங்கத்தை உப்புக்காத்துக்கு இரும்பு ஒண்டும் நிக்காது.

கோண்டாவில்காரன்:
நன்றி ஐயா. படம் எடுக்க மாஸ்ரர் ஓமெண்டிட்டார். ஆனா ஒயில், கிறீஸ் அட்டவணைத் தாளை ஆரோ கிழிச்சிருக்கினம். மாஸ்ரர் மற்றக் கராச்காரனைச் சந்தேகப்படுறார். அந்தத் தாள் ஆரிட்டையாவது தனியாக் கிடந்தாச் சொல்லுங்கோ, சண்டை பிடிக்காமல் வாங்கி மாஸ்ரரிட்டக் குடுக்கிறன்.